சார்ட்டர் பள்ளியில் கைப்பந்து அணி இல்லையென்றால்

ஃபுளோரிடாவில் சார்ட்டர் பள்ளியில் (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தின் கீழ் இயங்கும் பள்ளி) சேர்ந்த உங்கள் மகளுக்கு அங்கே கைப்பந்து அணி இல்லாததால் பள்ளியையே மாற்ற நினைப்பதாக எழுதியிருந்தீர்கள், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். தன் சார்ட்டர் பள்ளியில் இல்லாத விளையாட்டை, வீட்டு முகவரிப்படி தனக்கு உரிய வழக்கமான அரசுப் பள்ளியின் அணியில் சேர்ந்து விளையாட அம்மாநிலச் சட்டம் மாணவர்களுக்கு இடமளிக்கிறது. அணியில் இறங்குவதற்கு முன்பே அப்பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரிடம் விருப்பத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவியென்றால் மதிப்பெண் சராசரியும் (GPA, 4.0 அளவுகோலில்) 2.0-க்குக் குறையக் கூடாது. மாலைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்வது பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்; உண்மையான சிரமம் அதுவே. சார்ட்டர் பள்ளியில் அவளுக்குத் தோழிகள் அமைவார்களா என்ற கவலை இருந்தால், பள்ளிக் குடும்ப விழாவில் தன்னார்வப் பணியை வாகன நிறுத்துமிடத்தில் ஏற்காமல், அவள் வகுப்பு நடத்தும் தின்பண்டக் கடையில் கேட்டுப் பெறுங்கள். அவ்வகுப்புப் பெற்றோர்களில் பலர் பிள்ளைகளோடு அங்கேதான் வந்து நிற்பார்கள்.