பிரிட்டனில் நம் வாக்குச்சாவடியை எங்கே வைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? இடத்தை மாற்றினால் எதிர்க்க வழி உண்டா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: இத்தனை வருடமும் தெருமுனைத் தொடக்கப் பள்ளியில் ஓட்டுப் போட்டு வந்தீர்கள். இந்த முறை வந்த போல் கார்டில், அதாவது எங்கே ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லித் தேர்தலுக்கு முன் வரும் அட்டையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சர்ச் மண்டபத்தின் முகவரி இருந்தது. கூட இருக்கும் வயதான அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்பது உங்கள் கோபம்.

உங்களையும் கேட்டுத்தான் மாற்றியிருப்பார்கள். கேட்டது உங்கள் காதில் விழுந்திருக்காது. கவுன்சில் எனப்படும் உங்கள் உள்ளாட்சி மன்றத்தின் இணையதளத்தில் ஏதோ ஒரு மூலையில் அறிவிப்பு போட்டிருப்பார்கள், நூலகத்தில் ஒட்டியிருப்பார்கள். வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருப்பவர்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அது அவர்கள் குற்றமும் இல்லை. நான் லண்டனின் வெளிப்பகுதி ஒன்றில் குடியிருக்கிறேன். சில தேர்தல்களில் போல் கிளார்க்காக வாக்குச்சாவடியில் வேலை செய்திருக்கிறேன். எங்கள் பகுதியில் வாக்குச்சாவடி இடங்களைக் கவுன்சில் மறுஆய்வு செய்தபோது பொதுமக்களில் ஒருவனாகக் கருத்தும் அனுப்பியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: ஒரு சாதாரணக் குடியிருப்பாளர் எழுதும் ஒரு மின்னஞ்சலுக்கு உண்மையான எடை இருக்கும் இடங்களில் இது ஒன்று. எழுதுகிறவர்கள் மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணம்.

எதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லையை எல்லை ஆணையங்கள் வரைகின்றன. இங்கிலாந்தில் வார்டு எல்லைகளுக்கு உள்ளாட்சி எல்லை ஆணையம் என்று தனி அமைப்பு இருக்கிறது. இரண்டிலும் கவுன்சில் கருத்துச் சொல்லலாம், முடிவு அதன் கையில் இல்லை. அதற்குக் கீழே வருவதுதான் கவுன்சிலின் பொறுப்பு. வார்டைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிப்பது கவுன்சில். இதைப் போலிங் டிஸ்ட்ரிக்ட் என்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் போலிங் பிளேஸ் எனப்படும் இடத்தைக் குறிப்பதும் கவுன்சில்தான். அந்த இடத்துக்குள் எந்த அறை, எத்தனை மேஜை, எத்தனை ஊழியர்கள் என்பதைத் தேர்தல் நடத்தும் அதிகாரி முடிவு செய்வார். பெரும்பாலும் கவுன்சிலின் தலைமை நிர்வாகியே அந்தப் பொறுப்பிலும் இருப்பார். போல் கார்டில் உங்கள் வாக்காளர் எண்ணுக்கு முன்னால் சில எழுத்துகள் இருக்கும். அதுதான் உங்கள் வட்டாரத்தின் குறியீடு. கவுன்சில் வெளியிடும் நீளமான ஆவணத்தில் உங்கள் தெருவைத் தேடுவதைவிட அந்தக் குறியீட்டைத் தேடுவது சுலபம். வட அயர்லாந்தில் ஏற்பாடு வேறு. அங்கே கவுன்சில்களுக்கு இதில் பொறுப்பு இல்லை, தலைமைத் தேர்தல் அதிகாரிதான் எல்லாம்.

ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை இந்த இடங்கள் அத்தனையையும் மறுஆய்வு செய்தாக வேண்டும் என்பது சட்டம். 2013-இல் வந்த தேர்தல் பதிவு, நிர்வாகச் சட்டம் அதற்கான காலத்தையும் குறித்துவிட்டது: அக்டோபர் 1-இல் தொடங்கி 16 மாதங்கள். கடைசியாக நடந்தது 2023 அக்டோபர் 1 முதல் 2025 ஜனவரி 31 வரை. அந்த இடைவெளியில்தான் 2024 ஜூலை பொதுத் தேர்தல் புதிய தொகுதி எல்லைகளோடு வந்தது. அதனால் பல கவுன்சில்கள் அவசரம் அவசரமாக வட்டாரங்களைத் திருத்தின. உங்கள் சாவடி பள்ளியிலிருந்து மாறியதும் அந்தச் சமயத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த கட்டாய ஆய்வுக்கான காலம் 2028 அக்டோபரில் தொடங்கும். ஆனால் அதுவரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. இடையில் எப்போது வேண்டுமானாலும் ஓர் இடத்தை மட்டும் மறுபடி பரிசீலிக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. கட்டடம் இடிக்கப்பட்டால், மண்டபத்துக்காரர் இனிமேல் தர முடியாது என்றால் அப்படித்தான் மாற்றுகிறார்கள்.

பள்ளியை ஏன் கைவிட்டார்கள் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியின் ஓர் அறையை வாடகையில்லாமல் கேட்டு வாங்கும் உரிமை தேர்தல் அதிகாரிக்குச் சட்டப்படி இருக்கிறது. வெளிச்சம், கணப்பு மாதிரியான செலவையும், ஏதாவது உடைந்தால் அதையும் ஈடுகட்டினால் போதும். தரைத்தளம், அகலமான கதவு, எல்லோருக்கும் தெரிந்த முகவரி என்று பள்ளி பல வகையில் வசதியானதும்கூட. ஆனால் வாக்குப்பதிவு காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை. அன்று முழுக்க முன்பின் தெரியாதவர்கள் வளாகத்துக்குள் வந்து போவார்கள் என்பதால் பல பள்ளிகள் விடுமுறை விட்டுவிடுகின்றன. உள்ளாட்சித் தேர்தல் வருவது மே மாத முதல் வியாழக்கிழமை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் தேசியத் தேர்வு வருவதும் அதே மாதத்தில். அன்றைக்கு லீவு போட முடியாத பெற்றோர்களின் கோபத்தைத் தலைமையாசிரியர்தான் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால் மறுஆய்வு என்றதும் முதல் ஆளாகக் கடிதம் போடுவது பள்ளிகள்தான். அந்தக் கடிதங்கள் கோப்பில் இருக்கும். "பள்ளி எங்களுக்கு வேண்டும்" என்று வாக்காளர் எழுதிய கடிதம் ஒன்றுகூட இருக்காது. அப்புறம் முடிவெடுக்கும் கவுன்சில் குழு எந்தப் பக்கம் சாயும்?

இன்னொரு காரணம் வாக்காளர் எண்ணிக்கை. 2010 மே 6 பொதுத் தேர்தலில் ஷெஃபீல்டு, மான்செஸ்டர், லண்டன் ஹாக்னி உட்படப் பல இடங்களில் இரவு 10 மணிக்கு வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்தபோதே கதவை மூட வேண்டி வந்தது. 16 தொகுதிகளில் 27 இடங்களில் குறைந்தது 1,200 பேர் பாதிக்கப்பட்டதாகத் தேர்தல் ஆணையம் பிறகு கணக்குச் சொன்னது. ஒரே சாவடிக்கு அதிகம் பேரை ஒதுக்கியது, ஊழியர் போதாமை, பொருந்தாத கட்டடம் ஆகியவையே ஆணையம் சொன்ன காரணங்கள். 10 மணிக்குள் வரிசையில் வந்து நின்றவர்கள் ஓட்டுப் போடலாம் என்ற திருத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது, மேலே சொன்ன அதே 2013 சட்டத்தில். 2023 மே முதல் இங்கிலாந்தில் புகைப்பட அடையாள அட்டையும் கட்டாயமாகிவிட்டதால் ஒவ்வொருவருக்கும் மேஜையில் ஆகும் நேரம் கூடியிருக்கிறது. ஒரு சாவடிக்கு 2,250 பேருக்கு மேல் வேண்டாம் என்பது ஆணையத்தின் பரிந்துரை. தபால் ஓட்டுக்காரர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். பழைய தொழிற்சாலை நிலத்தில் நாலைந்து அடுக்குமாடிகள் எழும்பினால் போதும், வட்டாரத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாகிவிடும். பிரித்ததில் ஒரு பாதி எங்காவது புது இடத்துக்குப் போயாக வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியைப் பார்க்காமல் இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதும் சட்டம். ஆய்வின்போது அந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்களிடம் கவுன்சில் கருத்துக் கேட்டே ஆக வேண்டும். நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தேர்தலில் எங்களுக்கு ஒதுக்கிய பழைய மண்டபத்தின் வாசலில் இரண்டு படி. அதற்கு மேல் போட ஓர் உலோகச் சாய்தளம் அனுப்பியிருந்தார்கள். காகிதத்தில் அந்தக் கட்டடம் "சக்கர நாற்காலிக்கு ஏற்றது" ஆகிவிட்டது. மாலையில் ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்த மகளால் அந்தச் சரிவில் ஏற்ற முடியவில்லை. முன்சக்கரம் பலகை விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவர் பிடித்துத் தூக்குகிறோம் என்றோம். அவர் வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். உடல்நிலையால் உள்ளே வர முடியாதவருக்கு வாக்குச்சீட்டை வெளியே கொண்டுபோய்த் தர விதியில் இடம் இருக்கிறது. சாவடித் தலைமை அலுவலர் அப்படியே செய்தார். கார் நிறுத்துமிடத்தில், மடியில் வைத்த அட்டையின் மேல், காற்றில் சீட்டு பறக்காமல் இடது கையால் அழுத்திக்கொண்டு அவர் சீட்டில் பெருக்கல் குறி போட்டார். சீட்டை மடித்துக் கொடுக்கும்போது, அதைத் தன் கையாலேயே பெட்டியில் போட வேண்டும் என்று ஆசைப்பட்டதாகச் சொன்னார்.

அன்று இரவே தலைமை அலுவலர் அதைப் பதிவேட்டில் எழுதினார்: சரிவு எவ்வளவு, பலகை எங்கே ஆடுகிறது, வெளியே வெளிச்சம் போதவில்லை, எல்லாம். அடுத்த மறுஆய்வில் அந்த மண்டபம் பட்டியலிலிருந்து போய்விட்டது. தேர்தல் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு வாசலையும் நேரில் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. எழுத்தில் வந்ததைத்தான் அவர்கள் குழுவின் முன் வைக்க முடியும்.

அதனால் நீங்களும் எழுதுங்கள். எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "ரொம்ப தூரம், பழைய இடத்துக்கே மாற்றுங்கள்" என்று ஒரு வரி எழுதினால் "கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது" என்பதோடு முடிந்துவிடும். வரைபடத்தில் உங்கள் தெருவுக்கும் சர்ச் மண்டபத்துக்கும் நேர்க்கோட்டுத் தூரம் கொஞ்சமாகத்தான் தெரியும். நடுவில் ரயில் பாதை இருக்கிறதே, அதைக் கடக்கும் நடைபாலத்தில் எத்தனை படி, லிஃப்ட் உண்டா, இல்லாவிட்டால் சுற்றிப் போக எவ்வளவு தூரம், எந்தப் பேருந்து, அது எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று நடந்து பார்த்து எழுதுங்கள். முதியோர் குடியிருப்பு பாதைக்கு உங்கள் பக்கம் இருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மாற்று இடம் ஒன்றைப் பெயர் சொல்லிக் காட்டுவது. நூலகம், விளையாட்டுத் திடலின் கட்டடம், கோயிலோடு சேர்ந்த சமூகக் கூடம், எதுவாகவும் இருக்கலாம். படியில்லாத வாசல் இருக்கிறதா, இரவு 10 மணி தாண்டியும் திறந்து வைப்பார்களா, கழிப்பறை உண்டா என்று விசாரித்துவிட்டு எழுதினால் அதிகாரிக்கு வேலை பாதி முடிந்தது. ஊழியர்கள் விடியற்காலை முதல் அங்கேயே அடைந்து கிடக்க வேண்டும் என்பதால் கழிப்பறைக் கேள்வி சின்ன விஷயமில்லை. ஆய்வில் வரும் கருத்துகளைக் கவுன்சில் வெளியிட வேண்டும் என்பது விதி. அதனால் அம்மாவின் நோய் விவரங்களைக் கடிதத்தில் எழுத வேண்டாம், "நடக்கச் சிரமப்படுபவர்" என்றால் போதும்.

உங்கள் வார்டு கவுன்சிலர்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், கடைசியில் குழுவிலோ முழுக் கவுன்சிலிலோ கை தூக்கப்போவது அவர்கள்தான். ஆனால் எந்தத் தெரு எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடும் என்ற கணக்கு அவர்களுக்கு அத்துப்படி. அந்தப் பேச்சுக்குள் மாட்டிக்கொள்ளாமல் பாதை, படி, தூரம் என்பதிலேயே நில்லுங்கள். எந்தக் கட்சிக்காரராலும் மறுக்க முடியாதது அதுதான்.

கட்டாய ஆய்வு முடிந்து, முடிவு உங்களுக்குப் பாதகமாக வந்தாலும் கதவு மூடிவிடவில்லை. தேர்தல் ஆணையத்திடம் முறையிடலாம். ஆய்வின்போது கருத்து அனுப்பியிருந்தவர் என்றால் தனி ஆளாகவே போகலாம். அனுப்பாதவர் என்றால் அந்தத் தொகுதியில் குறைந்தது 30 வாக்காளர்களைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். நேரத்தோடு எழுதிவிடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வாக்காளர்களின் நியாயமான தேவையைக் கவுன்சில் பார்க்கவில்லை, அல்லது மாற்றுத்திறனாளிகளின் வசதியைப் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். ஆணையத்துக்கு அது சரியென்று பட்டால் இடத்தை மாற்றச் சொல்லி உத்தரவிடும். இரண்டு மாதத்தில் கவுன்சில் செய்யாவிட்டால் ஆணையமே மாற்றிவிடலாம்.

இந்தியா, இலங்கை, மலேசியா பாஸ்போர்ட்டில் இங்கே வசிப்பவர்கள் பலர், பிரிட்டிஷ் குடியுரிமை வந்தால்தான் இதிலெல்லாம் பேசலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இங்கே தங்க அனுமதி உள்ள காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாவற்றிலும் வாக்காளர்களாகப் பதிந்துகொள்ளலாம். அந்த 30 கையெழுத்தில் அவர்களுடையதும் செல்லும். உங்கள் தெருவில் ஆள் சேர்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

அம்மாவுக்கு உடனடி வழி தபால் ஓட்டு. வாக்குப்பதிவுக்கு 11 வேலை நாட்களுக்கு முன், மாலை 5 மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தேசியக் காப்புறுதி எண் (நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர்) கையில் இருந்தால் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். கவுன்சிலுக்கு எழுதும்போது மட்டும், "அவருக்குத் தபால் ஓட்டு இருக்கிறதே" என்ற பதிலை ஒப்புக்கொள்ளாதீர்கள். நேரில் வந்து போட விரும்புகிறவருக்கு, அவர் போய்ச் சேரக்கூடிய ஓர் இடத்தைக் காட்ட வேண்டியது கவுன்சிலின் கடமை. உங்கள் கவுன்சிலின் தளத்தில் எலக்டோரல் சர்வீசஸ் என்ற தேர்தல் பிரிவின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். இந்தத் தேர்தலில் அந்தப் பாலத்தை ஒரு முறை கடந்து பாருங்கள், படிகளை எண்ணிக்கொள்ளுங்கள், மறுநாளே எழுதி அனுப்பிவிடுங்கள்.