புருவத்தில் இருக்கும் கேள்விக்குறி

காதுகேளாதோர் பேசும் சைகை மொழியின் இலக்கணம் பற்றித் தோவாளை முதல் விளவங்கோடு வரை பலர் கேட்டிருந்தார்கள். இந்த முறை நான்கு கேள்விகள்.

கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கை காட்டியே பேசிக்கொள்கிறோம். அதுவும் சைகை மொழிதானே? (குளச்சல்)

இல்லை. 'வலையை இழு', 'இந்தப் பக்கம் வராதே' என்பதற்கெல்லாம் கை போதும். 'நேற்றே மீன் பட்டிருந்தால் இன்று கடலுக்கு வந்திருக்க மாட்டேன்' என்பதை அப்படிச் சொல்லிப் பாருங்கள்! சைகை மொழியில் அதைத் தாராளமாகச் சொல்லலாம். இன்னொன்று, கல், பல் என்ற சொற்களை முதல் ஒலி பிரிப்பதுபோல் சைகைகளையும் சிறு கூறுகள் பிரிக்கின்றன. கைவடிவம், இடம், அசைவு என்ற மூன்றையும் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்கச் சைகை மொழியில் ஒரே கைவடிவமும் அசைவும் நெற்றியருகே 'கோடை', மூக்கருகே 'அசிங்கம்', தாடையருகே 'உலர்ந்தது' என்று பொருள் மாறும்.

காது கேளாத என் மகள் 'நீ போ எங்கே' என்று வரிசை மாற்றிச் சைகை செய்கிறாள். தமிழ் இலக்கணப்படி திருத்தலாமா? (தக்கலை)

திருத்திவிடாதீர்கள், அம்மா. உங்கள் மகள் சொன்னதுதான் சரி. இந்திய சைகை மொழியில் வினாச்சொல் கடைசியில்தான் வரும். மறுப்பும் அப்படியே. அந்த வினாச்சொல்லின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. அடிப்படையில் ஒரே ஒரு வினாச் சைகைதான். 'இடம்' சேர்ந்தால் எங்கே, 'நேரம்' சேர்ந்தால் எப்போது, 'முகம்' சேர்ந்தால் யார். நம் தமிழில் எங்கே, எப்போது, எத்தனை என்று 'எ' முன்னால் நின்று செய்யும் வேலையை அது பின்னால் நின்று செய்கிறது.

'சாப்பிட்டாய்', 'சாப்பிட்டாயா' இரண்டுக்கும் கை ஒன்றுதான். புருவம் உயர்ந்து தலை சற்று முன்னே வந்தால் அதுதான் நம் 'ஆ'. கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கேள்வியே கேட்டதாகத் தெரியாது.

வேற்றுமை உருபு எங்கே என்று கேட்பீர்கள். அது கை அசையும் இடத்திலேயே இருக்கிறது. அண்ணனை இடப்பக்கம், பாட்டியை வலப்பக்கம் சுட்டிவிட்டு, 'கொடு' என்ற சைகையை இடமிருந்து வலமாக நகர்த்தினால் அண்ணன் பாட்டிக்குக் கொடுத்தான். திருப்பி நகர்த்தினால் பாட்டி அண்ணனுக்கு. தமிழில் 'கொடுத்தான்' என்ற வினை கொடுத்தவனை மட்டுமே காட்டும். இங்கே வாங்கியவரும் வினைக்குள்ளேயே இருக்கிறார்.

களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளச் சைகை மொழியா? (மார்த்தாண்டம்)

அப்படி ஒன்று கிடையாது. ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி சில சைகைகள் மாறலாம். இலக்கணம் பெரும்பாலும் ஒன்றே. பேசும் மொழியின் எல்லைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று புரியாது. அமெரிக்கருடையது பிரெஞ்சுச் சைகை மொழிக்கு உறவு. லோரான் கிளேர் என்ற காதுகேளாத பிரெஞ்சு ஆசிரியர் 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய பள்ளியில் கற்பித்ததன் விளைவு அது.

அகராதி பார்த்தே கற்றுவிடலாமா? (நாகர்கோவில்)

மத்திய அரசின் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. சொல் தேட நல்லது. வாக்கியத்துக்கு, காதுகேளாத நண்பர் ஒருவருடன் உட்காருங்கள். முதல் நாள் பாதிகூடப் புரியாது, இரண்டாம் நாளும் போங்கள்.