ஓடுவதும் ஓட்டுவதும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆடை வாங்கும் பையர் அனுப்பும் மெயில்களில் 'ரன்' என்ற சொல் படுத்தும் பாடு தாங்கவில்லை. சாயம் போனாலும் ரன், மெஷினை ஓட்டினாலும் ரன், நூல் தீர்ந்தால் 'ரன் அவுட்', அளவு சின்னதாக இருந்தால் 'ரன்ஸ் ஸ்மால்'. இத்தனையையும் எப்படி மனதில் வைப்பது?

செ.

அன்புள்ள செ.,

எல்லாவற்றையும் மனதில் வைக்க வேண்டாம், முடியவும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்தியபோது இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் தேறின. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் 9 மாதம் இதிலேயே உட்கார்ந்திருந்தார். 1989 பதிப்பில் முன்னே நின்ற 'செட்' சுமார் 430 பொருள்களோடு பின்தங்கிவிட்டது.

இதில் கொஞ்சம் நமக்குப் பழகியதுதான். ஆறு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, படமும் நூறு நாள் ஓடுகிறது. ஆனால் நம்மிடம் தானாக ஓடுவதற்கு ஒரு சொல், ஓட வைப்பதற்கு 'ஓட்டு' என்று இன்னொன்று. வண்டியை ஓட்டுகிறோம், வாங்குகிற சம்பளத்தில் குடும்பத்தையும் ஓட்டுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரன்தான். பழைய ஆங்கிலத்தில் அங்கேயும் ஜோடி இருந்தது: 'ரின்னன்' என்றால் ஓடுவது, 'ஏர்னன்' என்றால் ஓட விடுவது. பிற்பாடு இரண்டும் கலந்து ஒரே சொல்லாகிவிட்டன. உங்கள் தலைவலியில் பாதி அங்கே தொடங்கியது.

அதனால் மெயிலைப் படிக்கும்போது, 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். டெஸ்டை, மெஷினை, ஃபேக்டரியை என்று பதில் வந்தால் அது நம் 'ஓட்டு'. நடத்து, இயக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் ஏதோ தானாக ஓடுகிறது, ஒழுகுகிறது. மூக்கும் அப்படித்தான், உங்கள் சாயமும் அப்படித்தான்.

இதில் அடங்காதவையும் உண்டு. தேர்தலில் அமெரிக்கர்கள் ஓடுவார்கள். பிரிட்டிஷ்காரர்கள் நம்மைப்போல நிற்பார்கள். 'ரன் அவுட்', 'ரன்ஸ் ஸ்மால்' போன்றவற்றை அப்படியே மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். பின்னது, லேபிளில் போட்டிருக்கும் சைஸைவிட உடை சின்னதாக இருக்கிறது என்ற புகார். அப்புறம், 'ரன் இட் பை மீ' என்று பையர் எழுதினால் அவசரப்படுத்துகிறார் என்று நினைத்துத் துணியை வெட்டிவிடாதீர்கள். முடிவெடுக்கும் முன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறார்.