சுமைச் சோதனைக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: எங்கள் முன்பதிவுச் செயலிக்குச் சுமைச் சோதனை (பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தினால் தாங்குமா என்று பார்ப்பது) செய்ய வேண்டும். "ஆயிரம் பேர் வந்தாலும் வேகமாக இயங்க வேண்டும்" என்பதைத் தவிர வாடிக்கையாளர் வேறெதுவும் சொல்லவில்லை. தேவைகளை எவ்வாறு திரட்டுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த ஒரு வரியை நம்பிச் சோதனையைத் தொடங்கிவிடாதீர்கள். ஆயிரம் பேர் என்பது ஒரு நாளிலா, ஒரு மணி நேரத்திலா, ஒரே நொடியிலா என்று முதலில் கேளுங்கள்; மூன்றும் முற்றிலும் வெவ்வேறான சுமைகள். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இங்கே பெரிதும் உதவும்: வருகை வீதத்தைச் சராசரியாகத் தங்கும் நேரத்தால் பெருக்கினால், சராசரியாக எத்தனை பேர் ஒரே சமயத்தில் உள்ளே இருப்பார்கள் என்பது கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் 3,600 பேர் வந்து, ஒவ்வொருவரும் சராசரியாக 5 நிமிடம் தங்கினால், சராசரியாக 300 பேர் ஒரே சமயத்தில் உள்ளே இருப்பார்கள்.

ஆனால் வருகை சீராக இருப்பதில்லை. ரயில்வேயின் தட்கல் முன்பதிவு குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்றவற்றுக்கு 11 மணிக்கும் தொடங்கும்போது ஏற்படும் நெரிசலை எண்ணிப் பாருங்கள். ஆகவே, பழைய சர்வர் பதிவுகள் இருந்தால், அவற்றிலிருந்து உச்ச நேரத்து எண்ணிக்கையை நிமிடவாரியாக எடுங்கள்.

"வேகமாக" என்பதையும் எண்ணாக எழுதி வாங்குங்கள். சராசரியை மட்டும் ஏற்காதீர்கள்: 100 கோரிக்கைகளில் 95 ஒரு நொடியிலும், 5 இருபது நொடியிலும் முடிந்தால், சராசரி 1.95 நொடி என்றே வரும். காத்திருந்து சலித்த அந்த ஐவர் அதில் மறைந்துவிடுவார்கள். எனவே 100இல் 95 கோரிக்கைகளுக்கு ஒரு வரம்பும், 99 கோரிக்கைகளுக்கு மற்றொரு வரம்பும் கேளுங்கள். தேடுவதற்கும் பணம் செலுத்துவதற்கும் வரம்புகள் தனித்தனியே இருக்கட்டும்.