மணல் குன்றுகளுக்கு நடுவே தெரியும் மேடு நிஜமா?

கேள்வி: தார் பாலைவனத்தில் எடுத்த சீஸ்மிக் லைன் (தரையில் அதிர்வு கொடுத்து, அடிப்பாறைகளிலிருந்து திரும்பும் அலைகளை ஒரு கோட்டில் பதிந்தது) ஒன்றை பிராசஸ் செய்கிறேன். உயரத் திருத்தமும் (தரையின் மேடு பள்ளத்தால் வரும் நேர வித்தியாசத்தைக் கழிப்பது) ரெசிடுவல் ஸ்டாட்டிக்கும் (மிச்சமிருக்கும் சிறு நேர நகர்வுகளைச் சரிசெய்வது) போட்டதும் ஸ்டாக் (பதிவுகளைக் கூட்டிச் செய்த படம்) நன்றாகத் தெளிந்துவிட்டது. இரண்டு மணல் குன்றுகளுக்கு இடையே அழகான மேல்மடிப்பு (பாறை அடுக்கு மேல்நோக்கி வளைந்த மேடு) தெரிகிறது. நம்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த மேடு அரை விநாடியிலும் 2 விநாடியிலும் (படத்தில் ஆழம் நேரமாகத்தான் வரும்) ஏறத்தாழ ஒரே உயரத்தில், ஒரே வடிவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மேல் மண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஸ்டாட்டிக் பிழை (மேல் மண்ணால் வரும் நேரப் பிழை) டிரேஸை (ஒரு இடத்தின் அலைப் பதிவை) மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு நகர்த்தும்.

ஒரு கணக்குப் போடுவோம். குன்று 30 மீட்டர். காய்ந்த மணலில் அலை விநாடிக்கு 600 மீட்டர் போனால், அதைக் கடக்க 50 மில்லி விநாடி. திருத்தத்துக்கு நீங்கள் வேகம் 2,000 என்று கொடுத்திருந்தால் கழிந்தது வெறும் 15. மிச்சம் 35. அதிர்வு கொடுக்கும் வைப்ரேட்டரும் அதைப் பதியும் ஜியோஃபோனும் குன்றின் மேலேயே இருந்தால் அது 70 ஆகிவிடும். கீழே பாறையில் வேகம் 3,000 என்றால், இந்த 70 போய்வரும் நேரம் என்பதால் பாதியை எடுத்தால், 105 மீட்டர் ஆழப் பிழை! குன்றுகளுக்கு அடியில் எல்லாம் தாழ்ந்துபோக, நடுப்பகுதி மேடாகத் தெரியும்.

ரெசிடுவல் ஸ்டாட்டிக் ஏன் இதைப் பிடிக்கவில்லை? அது ஒரே கேதரில் (ஒரே நிலத்தடிப் புள்ளியின் பதிவுத் தொகுப்பில்) உள்ள டிரேஸ்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. எல்லாமே சேர்ந்து தாமதமாக வந்தால் அதற்கு எதுவும் தெரியாது. ஸ்பிரெட் (ஒரு அதிர்வுக்கு ஜியோஃபோன்கள் பரவியிருக்கும் வரிசை) நீளத்தைவிட அகலமான பிழை அப்படியே தங்கிவிடும். ஆகவே ஸ்டாக் தெளிவாக இருப்பது மேட்டுக்குச் சாட்சி ஆகாது.

சரி, என்ன செய்வது? குன்றின் உச்சியிலும் இடைப்பட்ட தாழ்விலும் அப்ஹோல் (துளை போட்டு மேல் மண்ணின் அலை வேகத்தை அளப்பது) எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மணலில் ஆழம் கூடக் கூட வேகமும் கூடும். ஒற்றை எண் போதாது. அப்புறம் முதல் வருகைகளை, அதாவது ஒவ்வொரு டிரேஸிலும் அலை முதலில் வந்த நேரத்தை, பிக் செய்து (குறித்து) அலைவிலகல் (refraction) மாடல் கட்டுங்கள். ஆனால் ஜியோஃபோன் இடைவெளி அதிகமாக இருந்தால் மணலின் வேகம் முதல் வருகையில் சரியாகப் பதியாது; அதை அப்ஹோலிலிருந்துதான் எடுக்க வேண்டும். திருத்தத்துக்குப் பின் ஒரு ஷாட் ரெக்கார்டை (ஒரு அதிர்வுக்கு வந்த பதிவை) திறந்து பாருங்கள்: குன்றின் மேல் தொங்கிய முதல் வருகைகள் நேர்கோட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு வேக ஆய்வு (டிரேஸ்களைக் கூட்ட எந்த அலை வேகம் பொருந்தும் என்று பார்ப்பது), ரெசிடுவல், மறுபடி வேக ஆய்வு. ஆதிக்க அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்றால் ரெசிடுவல் நகர்வுக்கு 15 மில்லி விநாடிக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள். அரைச் சுற்றைத் தாண்டினால், அலை ஒரு சுற்று தாவிப் பொருந்திவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மேடு நின்றால், குறுக்கே போகும் லைனில் அதே சந்திப்பில் நேரம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.