டோர் பிரவுசர் ஓடுகிறது, மெயில் மென்பொருள் ஏன் ஓடவில்லை?

கேள்வி: டோர் பிரவுசர் (நாம் யார் என்பதை மறைத்து இணையத்தில் உலவ உதவுவது) ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் தண்டர்பேர்ட் மெயில் மென்பொருளில் ப்ராக்ஸியாக (நமக்காக இணையத்தோடு பேசும் இடையாள்) 127.0.0.1, போர்ட் (கணினியின் வாசல் எண்) 9050 என்று கொடுத்தால் இணைப்பு மறுக்கப்பட்டதாகவே வருகிறது. 'டோர் ப்ராக்ஸி' முகவரி என்று பணத்துக்கு விற்கிறார்களே, அதை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். போர்ட்டை 9150 என்று மாற்றுங்கள். 9050, டோரைத் தனியாக நிறுவியவர்களுக்கானது. பிரவுசரோடு வரும் டோர் 9150-இல் காத்திருக்கும். பிரவுசரை மூடினால் அதுவும் நின்றுவிடும், ஆகவே திறந்தே வைத்திருங்கள்.

முகவரியையும் போர்ட் எண்ணையும் எச்டிடிபி ப்ராக்ஸி (இணையப் பக்கங்களுக்கான வகை) கட்டத்தில் போடாதீர்கள். அதைக் காலியாக விட்டு, சாக்ஸ் (டோர் அந்த போர்ட்டில் ஏற்கும் ப்ராக்ஸி வகை) கட்டத்தில் போட்டு, 5-ஆம் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

விற்பவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். 127.0.0.1 என்பது உங்கள் கணினியேதான். அதில் இலவசமாக ஓடுவதை வெளியே விலைக்கு வாங்க என்ன இருக்கிறது? அவர்கள் தரும் முகவரி வேறு யாருடைய கணினியோ. நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் அந்த ஆளுக்குத் தெரியும். டோர் மூன்று கணினிகள் வழியாகச் சுற்றிப் போவதே அந்த இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரியக்கூடாது என்பதற்குத்தான். 'இலவச ப்ராக்ஸி பட்டியல்' கதையும் இதேதான்.

சரி, இணைப்பு கிடைத்துவிட்டது. அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சாக்ஸ் 5 போட்டாலும் சில மென்பொருள்கள் சர்வரின் பெயரை முதலில் உங்கள் இணைய நிறுவனத்திடம் கேட்டு, கிடைத்த ஐபி எண்ணை (சர்வரின் எண் முகவரி) மட்டும் டோரிடம் கொடுக்கும். மெயில் டோர் வழியாகத்தான் போகும், ஆனால் எந்த சர்வரைத் தேடினீர்கள் என்பது வெளியே தெரிந்துவிடும். தண்டர்பேர்டில் இந்தப் பெயர் தேடலையும் (டிஎன்எஸ்) சாக்ஸ் 5 வழியே அனுப்பும்படி ஒரு டிக் உண்டு, அதைப் போடுங்கள். மற்ற மென்பொருள்களில் இதே வசதிக்கு ஆளுக்கொரு பெயர். சிலவற்றில் வசதியே இல்லை. இத்தனை வருடமாகியும் இதை ஒரே மாதிரி எழுத இவர்களுக்கு மனம் வரவில்லை! சந்தேகம் இருந்தால் டோர் பிரவுசரின் இணைப்பு அமைப்பில் உள்ள பதிவேட்டைப் பாருங்கள். மென்பொருள் ஐபி எண்ணை மட்டும் கொடுத்தால் டோரே அங்கே எச்சரிக்கும்.

மெயில் வந்து, அனுப்ப மட்டும் முடியவில்லையா? மெயில் அனுப்பும் சர்வரின் போர்ட் 25 என்று இருந்தால், அதை டோரின் வெளிவாசல் கணினிகள் (மூன்றில் கடைசி) வழக்கமாக அடைத்துவைத்திருக்கும். 465 அல்லது 587 போட்டுப் பாருங்கள். அப்புறமும் கடவுச்சொல் தவறு என்றோ, கணக்கு பூட்டப்பட்டது என்றோ வந்தால், கடவுச்சொல்லைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள் என்றால், டோரிலிருந்து வருபவரை மெயில் நிறுவனம் சந்தேகிக்கிறது என்று பெரும்பாலும் பொருள். அதற்கு ப்ராக்ஸி அமைப்பில் மருந்து கிடையாது.