பட்டமளிப்பு விழாவுக்கு நேரில் போவதா, தபாலில் வாங்குவதா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். ராமநாதபுரத்தில் எம்.எஸ்சி. முடித்தேன். காரைக்குடியில் பட்டமளிப்பு விழா என்று அறிவிப்பு வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அப்பா விசைப்படகில் போகிறவர். அவரையும் அம்மாவையும் கூட்டிப் போகலாமா, இல்லை தபாலில் வாங்கினால் போதுமா?

பதில்: நேரில் போங்கள். தபாலில் வருவதும் அதே சான்றிதழ்தான், மதிப்பு குறையாது. ஆனாலும் வீட்டின் முதல் பட்டத்தை அம்மா அப்பா கண் முன்னால் வாங்க வேண்டும்.

எந்த விழா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அழகப்பா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வேந்தரான ஆளுநர் கையால் மேடையில் வாங்குவது பெரும்பாலும் முனைவர் பட்டம் பெறுபவர்களும் தரவரிசையில் வந்தவர்களும்தான். இணைப்புக் கல்லூரிகளில் படித்த மற்றவர்களுக்குச் சான்றிதழ் கல்லூரிக்கு வந்து, அங்கே நடக்கும் விழாவில் கொடுக்கப்படுவதுண்டு. “மேடையேறும் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா, வீட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம்?” என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்பாவிடம் தேதி சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விழா வந்தால் அவருக்குச் சிரமமில்லை. மற்ற மாதங்களில் ஒரு நாள் தொழிலை விட்டுத்தான் வர வேண்டும்.

விண்ணப்பத்தில் ‘நேரில்’ என்பதைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் கட்டுங்கள். பிறகு மாற்றுவது கடினம்.

அதே விண்ணப்பத்தில் பெயரைத்தான் பத்துத் தடவை பார்க்க வேண்டும். சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகும். ஆங்கிலத்தில் ல, ள இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதைப் பார்த்துத் தமிழில் தட்டினால் வளர்மதி ‘வலர்மதி’ ஆவார், காளீஸ்வரி ‘கலீஸ்வரி’ ஆவார். இனிஷியலில் இன்னும் குழப்பம். அப்பா பெயர் சூசை என்றால் தமிழில் ‘சூ’ என்று வர வேண்டும், ஆங்கில எழுத்தை அப்படியே ஒலித்து ‘எஸ்’ என்று போட்டுவிடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அச்சான பிறகு திருத்த வேண்டுமானால் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், பல மாத அலைச்சல்.

ஒத்திகையைத் தவறவிடாதீர்கள். முதல் நாளோ அன்று காலையோ நடக்கும். வரிசை எண், எந்தப் படியில் ஏறுவது, எங்கே நிற்பது எல்லாம் அங்கேதான் சொல்வார்கள். ஒருவர் இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர்களின் பெயர்கள் எல்லாம் மாறிப்போகும். அதனால் ஒத்திகைக்கு வராதவர்களை மேடையேற்ற மறுப்பதும் உண்டு. திருச்சி ரயில் மானாமதுரை, சிவகங்கை வழியாகக் காரைக்குடி போகும். பஸ் என்றால் தேவிபட்டினம், தேவகோட்டை வழி. ஐப்பசி, கார்த்திகையில் விழா வைத்து, பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் பாலத்தை நம்பாதீர்கள், முதல் நாளே ராமநாதபுரம் தாண்டிவிடுங்கள்.

அங்கியைக் கவுண்டரில் வாங்கும்போது முன்பணம் கேட்டால் ரசீதை பத்திரமாக வையுங்கள். அங்கியின் மேல் போடும் தோள் பட்டை வழுக்கிக்கொண்டே இருக்கும், முதுகுப் பக்கம் இரண்டு ஊக்கு குத்துங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் வீட்டு ஊக்கு துருப்பிடித்திருக்கும், வெளிர் நிறச் சேலையில் கறை விழும். புது ஊக்காக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆளுநர் வருகிறார் என்றால் சோதனை கடுமையாக இருக்கும். ஊர்வலம் தொடங்குவதற்கு வெகுமுன்பே கதவைச் சாத்திவிடுவார்கள். செல்போனும் பையும் உள்ளே அனுமதிக்கப்படாமல் போகலாம். ஆகவே விழா முடிந்ததும் எந்த மரத்தடியில், எந்த வாசலில் சந்திப்பது என்று அம்மாவிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி வையுங்கள். மேடையில் தரும் உறைக்குள் சில இடங்களில் சான்றிதழ் இருக்காது, அதைத் தனிக் கவுண்டரில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அங்கேயே பெயர், பாடம், ஆண்டு மூன்றையும் படித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் லேமினேட் செய்துவிடாதீர்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கத்து ஆட்களைப் போல வெளிநாட்டு வேலைக்குப் போக நேர்ந்தால் சான்றொப்ப முத்திரையைச் சான்றிதழின் பின்பக்கம்தான் குத்துவார்கள், பிளாஸ்டிக் மேல் மை பிடிக்காது. இரும்பு கிளிப்பும் வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் துரு தாளில் இறங்கிவிடும். சுருட்டாமல், சான்றிதழ் அளவுக்குச் சரியான பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடல் பக்கச் சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்கையாக வையுங்கள்.